கரையில் ஓடும், கடலில் மிஸ் அடிக்கும்: படகு என்ஜினின் உயர்வேகக் குறையைத் தேடிப் பிடிக்கும் வழி

வாடைக்காலம் முடிந்து படகுகளைத் திரும்பக் கடலில் இறக்கும் பங்குனி, சித்திரை நாட்களில் திருகோணமலைக் கரையில் திருக்கடலூரிலும் சல்லியிலும் நிலாவெளியிலும் ஒரே முறைப்பாட்டைத்தான் கேட்பேன். "ஒரு இழுவையில ஸ்டார்ட் ஆகுது அண்ணே, மெதுவா நல்லா ஓடுது. முழு வேகம் குடுத்தா மட்டும் மிஸ் அடிக்குது." அதாவது, இடையிடையே எரியாமல் தடுமாறுகிறது.

25 முதல் 40 குதிரைவலு வரையான, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், காபரேற்றர் (எண்ணெயையும் காற்றையும் கலந்து கொடுப்பது) வைத்த வெளியிணைப்பு என்ஜின்களுக்கு இதை எழுதுகிறேன். எங்கள் பைபர் படகுகளில் பெரும்பாலும் இவைதான் தொங்குகின்றன. பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வகையும் இதில் அடங்கும்.

புதிதாக வேலை பழகுகிறவர்கள் என்ஜினைத் தண்ணீர் பீப்பாயில் இறக்கி, கியர் போடாமல் ஓடவிட்டு, "இப்ப நல்லா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். படகு சாம்பல்தீவு தாண்டுவதற்குள் குறை திரும்பி வந்துவிடும். முழு வேகத்தில், முழுச் சுமையில் வரும் குறையை அதே வேகத்திலும் சுமையிலும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கீழே உள்ள ஒழுங்கு முழுவதும் அதற்காகவே அமைந்தது. ஒழுங்கை மாற்றினால் காசும் ஒரு நாள் தொழிலும் போகும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் என்ஜினுக்கு உரிய எண்ணில் இரண்டு புதிய பிளக். எண் சரியாக இருக்க வேண்டும். என்ஜிகே பிளக்கில் நடுவில் வரும் இலக்கம் குறையக் குறைய பிளக் சூடாக நிற்கும். பி6 என்பது பி7ஐ விடச் சூடானது. மண்ணெண்ணெய் சரியாக எரியாவிட்டால் பிளக்கில் கரி படியும். அதை எரித்துத் தள்ளும் சூடு பிளக்குக்கு வேண்டும். அதற்காகப் பெற்றோலில் மட்டும் ஓடும் என்ஜினுக்குத் தேவைக்கு மேல் சூடான பிளக்கைப் போட்டால், முழு வேகத்தில் நெருப்பு நேரத்துக்கு முன் பற்றி பிஸ்டன் உருகும். என்ஜினோடு வந்த கைநூலில் உள்ள எண்ணைப் பாருங்கள். பக்கத்துப் படகில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்.

எண்ணின் கடைசியில் 10 என்று இருந்தால் இடைவெளி 1.0 மில்லிமீற்றர். அது இல்லாத அதே பிளக்குக்கு இடைவெளி இதைவிடக் குறைவு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால், ஒரு சிலிண்டரில் ஒன்றும் மற்றதில் மற்றதுமாகப் போட்ட என்ஜின்களும் என்னிடம் வந்திருக்கின்றன.

அடுத்தது இரண்டாவது எண்ணெய்த் தாங்கி (எரிபொருள் தாங்கி) ஒன்று, அதற்குரிய குழாயோடும் குமிழோடும். அதில் புதிய பெற்றோலை ஓயில் கலந்து வைத்திருங்கள். மண்ணெண்ணெய்க்குத்தான் ஓயில், தொடக்கப் பெற்றோலுக்கு வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு. டூ ஸ்ட்ரோக்கில் பெயாரிங்குக்கும் பிஸ்டனுக்கும் வேறு ஓயில் கிடையாது. எந்த எண்ணெய் போனாலும் அதில் ஓயில் கலந்திருக்க வேண்டும்.

இவற்றோடு இடைவெளி மாற்றக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர், மல்ற்றிமீற்றர், கம்பிரஷன் கேஜ், இடைவெளி அளக்கும் தகடு, ஒரு முழ நீளமுள்ள, உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாய், வெறும் கண்ணாடிப் போத்தல், ஒரு கொப்பி. கொப்பி ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

2. இது மிஸ்தானா என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

படகு வேகம் குறைந்தாலே மிஸ் என்று சொல்லிவிடுகிறார்கள். என்ஜினின் சத்தம் ஏறி, படகு மட்டும் பின்தங்கினால் அது மிஸ் அல்ல. காற்றாடியின் நடுவில் உள்ள ரப்பர் புஷ் வழுக்குகிறது, அல்லது காற்றாடி தண்ணீருக்குப் பதில் காற்றைப் பிடிக்கிறது. புஷ்ஷைப் பார்க்க, காற்றாடிக் குடத்திலும் உள் உருளையிலும் சேர்த்து ஒரு நேர்கோடு கீறுங்கள். ஓடிவிட்டு வந்து பார்க்கும்போது கோடு விலகியிருந்தால் புஷ் போய்விட்டது.

சுற்று திடீரென ஒரு மட்டத்துக்கு இறங்கி, அதற்கு மேல் ஏறவே மறுத்தால், சூடு கூடியதால் என்ஜின் தன்னைத் தானே கட்டுப்படுத்துகிறதா என்று பாருங்கள். இந்தப் பாதுகாப்பு எல்லா மாதிரிகளிலும் இல்லை. இருக்கும் மாதிரியில் அது மிஸ் போலவே கேட்கும். குளிர்த் தண்ணீர் பீச்சும் துவாரத்தில் தண்ணீர் பலமாக வருகிறதா? மாரி வெள்ளத்தோடு மகாவலி கொண்டுவந்து கொட்டும் சேறும் சருகும் கொட்டியாரக்குடாவில் கிடக்கும் காலத்தில், மூதூர்ப் பக்கம் ஓடும் படகுகளில் இதை முதலில் பார்க்கிறேன்.

சுற்று குறைந்து, சத்தம் உடைந்து, படகு குலுங்கினால் அது மிஸ்தான். தொடருங்கள்.

3. குறையைச் சுமையோடு வரவழையுங்கள்

எங்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. வெளிக்கடல் அடித்தாலும் உள்துறைமுகத்தில் தண்ணீர் அமைதியாக இருக்கும். கடற்படைப் பகுதியையும் கப்பல் பாதையையும் விட்டு விலகி, சோதனை ஓட்டத்தை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். அலை அடிக்கும் இடத்தில் காற்றாடி அடிக்கடி தண்ணீரை விட்டு எழும். எது மிஸ், எது அலை என்று காதுக்குப் பிரித்தறிய முடியாது.

இரண்டு பேர் போக வேண்டும், ஒருவர் கைபிடியில், மற்றவர் என்ஜினைக் கவனிக்க. இருவருக்கும் உயிர்காப்பு அங்கி கட்டாயம். நிறுத்து கயிறு ஓட்டுபவரின் கையில் மாட்டியிருக்க வேண்டும். மூடியைக் கழற்றி ஓடும்போது ஃபிளைவீல் திறந்து கிடக்கும். நீளச் சட்டைக் கை, கழுத்துத் துண்டு எதுவும் வேண்டாம்.

வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றுங்கள். வெறும் படகில் வராத குறை வலையும் ஐஸ் பெட்டியும் ஏறியதும் வரும். காரணம் இதுதான்: திறொட்டிலைத் திறந்து சுமை கொடுக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏற ஏற, பிளக்கின் இடைவெளியைத் தாண்ட மின்பொறிக்குக் கூடுதல் வோல்ற்றேஜ் வேண்டும். மின்பொறிக்கு வோல்ற்றேஜ் கொடுக்கும் கொயில் பலவீனமானால் அதுவும், வெடித்த பிளக் பீங்கான், ஈரம் ஊறிய வயர் எல்லாம் மெதுவேகத்தில் சமாளித்துவிடும். சுமையில்தான் தோற்கும். எண்ணெயும் அப்படியே. முழு வேகத்துக்குத் தேவையான அளவு வரும்போதுதான் அடைபட்ட பாதை தன்னைக் காட்டும்.

கொப்பியில் மூன்று விடயங்களை எழுதுங்கள்: எந்தத் திறொட்டில் நிலையில் வருகிறது, தொடங்கி எத்தனை நிமிடத்தில் வருகிறது, வேகத்தைக் குறைத்தால் உடனே போகிறதா. இந்த மூன்றும் பாதி விடையைத் தந்துவிடும்.

4. எண்ணெயா, மின்பொறியா

முதல் அடையாளம் காதுக்குத் தெரியும். எண்ணெய் போதாவிட்டால் என்ஜின் சோர்ந்து சோர்ந்து இறங்கும். சில விநாடி கழித்து மீண்டு, மறுபடி சோரும். மின்பொறி அறுந்தால் கத்தியால் வெட்டியதுபோல இருக்கும், சட்டென்று போய்ச் சட்டென்று வரும். நூறு வீதம் நம்ப முடியாது. ஆனாலும் எந்தப் பக்கம் முதலில் போவது என்று காட்டும்.

இரண்டாவது சோதனைக்கு ஒரு கை போதும். குறை வந்துகொண்டிருக்கும்போதே, எண்ணெய்க் குழாயில் உள்ள ரப்பர் குமிழை மற்றவர் அமுக்கி அமுக்கி விட வேண்டும். என்ஜின் உடனே உயிர் பெற்றால் குறை எண்ணெய் பம்பிலோ அதற்கு முந்திய பாதையிலோ இருக்கிறது. குமிழ் தானாகவே உள்வாங்கிச் சப்பையாக இருந்தால் தாங்கிப் பக்கம் அடைப்பு. அமுக்கியும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் காபரேற்றருக்கு உள்ளேயோ மின்பக்கமோ தேட வேண்டும்.

மூன்றாவதாக, இரண்டாவது தாங்கியை அதன் குழாயோடு மாட்டி, பெற்றோலில் அதே தூரம் ஓடுங்கள். குறை போய்விட்டால் என்ஜினைத் தொட வேண்டிய தேவையே இல்லை. பழைய தாங்கி, பழைய குழாய், மண்ணெண்ணெய் ஆகிய மூன்றில் ஒன்றுதான்.

இந்த மூன்றையும் செய்யாமல் ஸ்பனரை எடுக்காதீர்கள்.

5. பிளக்கை வாசியுங்கள்

காபரேற்றரைத் திறக்குமுன் இதைச் செய்ய வேண்டும். திறந்து சுத்தம் செய்தபின் பழைய அடையாளம் அழிந்துவிடும்.

புதிய பிளக்கைப் போட்டு, குறை வரும் வேகத்தில் ஓரிரு நிமிடம் ஓடி, அந்த வேகத்திலேயே நிறுத்து கயிற்றை இழுத்து அணையுங்கள். மெதுவாக்கி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் மெதுவேகத்தின் நிறம்தான் பிளக்கில் இருக்கும். கவனம்: முழு வேகத்தில் அணைக்கும்போது படகு சட்டென்று அமரும், பின்னால் வரும் அலை என்ஜின் பலகைக்கு மேலால் உள்ளே ஏறும். இந்த ஓட்டத்துக்கு மட்டும் பாரத்தை அணியத்துப் பக்கம் தள்ளி வையுங்கள்.

இரண்டு பிளக்கையும் கழற்றி, மேல், கீழ் என்று மாறாமல் வரிசையாக வையுங்கள். இரண்டும் இளம் மண்ணிறமாக இருந்தால் எரிதல் சரி. இரண்டும் வெள்ளையாக வெளுத்திருந்தால் எண்ணெய் குறைவு. வெள்ளைப் பீங்கானில் மணல்போல மின்னும் துகள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். அதற்குப் பிறகு ஒரு நிமிடம்கூட முழு வேகம் கொடுக்க வேண்டாம்.

ஒன்று நன்றாகவும் மற்றது நனைந்து கறுப்பாகவும் இருந்தால் நனைந்தது எரியவில்லை. இப்போது காபரேற்றரை எண்ணுங்கள். என்ஜினில் ஒரே காபரேற்றர்தான் என்றால், ஒரு சிலிண்டர் மட்டும் சாவதற்கு அது காரணமாக இருப்பது அரிது. பிளக், மூடி, வயர் பக்கம் போங்கள். இன்னொரு காரணமும் உண்டு. எண்ணெய் பம்ப் ஒரு சிலிண்டரின் கிராங்க் அறையில் எழும் துடிப்பால்தான் வேலை செய்கிறது. பம்பின் ரப்பர்த் தோலில் ஊசித் துளை விழுந்தால், எண்ணெய் அந்தத் துவாரத்தின் வழியே அந்தச் சிலிண்டருக்கு மட்டும் கூடுதலாகப் போய் நனைக்கும்.

மண்ணெண்ணெயில் ஓடும்போது பிளக் கொஞ்சம் கறுப்பது வழக்கம். அதனால் நிறத்தைப் பெற்றோலில் ஓடி வாசியுங்கள்.

6. எண்ணெய்ப் பாதை, தாங்கியிலிருந்து தொடங்கி

தாங்கி மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? திருகு திறந்திருந்தும், உப்பும் குளவி மண்ணும் அடைத்து மூச்சு விடாத தாங்கிகளும் உண்டு. குறை வரும்போது தாங்கி மூடியைத் தளர்த்திப் பாருங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே போய் என்ஜின் தெளிந்தால் வேலை முடிந்தது.

தாங்கியின் அடியிலிருந்து கண்ணாடிப் போத்தலில் எண்ணெய் எடுத்து அரை மணி நேரம் ஆட்டாமல் வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். மாரியில் வாடியில் பாதி நிரம்பிக் கிடந்த தாங்கியில் இது கட்டாயம். மேலே உள்ள எண்ணெயை எடுத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். உறிஞ்சு குழாயின் வாய் அடியில்தான் இருக்கிறது.

காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்கத்தான் அந்தத் தெளிவான குழாய். என்ஜினில் மாட்டும் இணைப்பிக்கும் எண்ணெய் பம்புக்கும் இடையில் அதைத் தற்காலிகமாகச் செருகி ஓடுங்கள். எண்ணெயோடு குமிழிகள் ஓடினால் அதற்கு முந்திய பாதையில் எங்கோ காற்று இழுக்கிறது. அங்கே எண்ணெய் வெளியே சொட்டாது, காற்று உள்ளேதான் போகும். அதனால்தான் பார்வைக்கு எல்லாம் காய்ந்து சுத்தமாகத் தெரிகிறது. அந்த இணைப்பிக்குள் இருக்கும் சிறிய ரப்பர் வளையத்தை முதலில் மாற்றுங்கள். சோதனை முடிந்ததும் தெளிவான குழாயைக் கழற்றிவிடுங்கள். அது என்ஜின் சூட்டைத் தாங்காது.

காபரேற்றரில் உயர்வேகத்துக்கு உரியது அடிக் கிண்ணத்துக்குள் இருக்கும் மெயின் ஜெட். மெதுவேகத்துக்கு வேறு துவாரம். மெதுவேகம் நன்றாக இருக்கிறது என்பதற்காக மெயின் ஜெட்டும் நன்றாக இருப்பதாக ஆகாது. நாலு மாதம் கிடந்த எண்ணெய் அதில் பிசினாகக் காய்ந்திருக்கும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். ஜெட் பித்தளை, துவாரத்தின் அளவு மாறினால் திரும்ப வராது. கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, தேவையானால் மெல்லிய தங்கூசி நரம்பை விட்டு இழுங்கள். அது பித்தளையைக் கீறாது. வெளிச்சத்தில் பிடித்தால் துவாரம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

7. மின்பொறி, வெளியிலிருந்து உள்ளே

மின்பக்கம் என்று தெரிந்ததும், மின்பொறியை நேரத்துக்கு விடும் மின்னணுப் பெட்டியான சிடிஐயை மாற்றத் துடிக்கிறார்கள். விலை கூடிய பொருள், கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள்.

முதலில் பிளக் இடைவெளியைத் தற்காலிகமாக 0.5 மில்லிமீற்றருக்குக் குறைத்து ஓடிப் பாருங்கள். இடைவெளி சுருங்கினால் தேவையான வோல்ற்றேஜ் குறையும். குறை போனாலோ, கூடுதல் வேகத்துக்குத் தள்ளிப் போனாலோ, மின்பொறி பலவீனம் என்பது உறுதி. இது சோதனை மட்டும்தான், வைத்தியம் அல்ல. இடைவெளியைத் திரும்பக் கைநூல் அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது இருட்டு. பொழுது பட்டபின் கரையில் என்ஜினைக் கட்டி, தண்ணீர் கொடுத்து, மூடியில்லாமல் ஓடவிட்டு, கொயிலிலிருந்து பிளக் வரை வயரில் நல்ல தண்ணீரைத் தூறல்போலத் தெளியுங்கள். பிளக் மூடியிலிருந்தோ வயரிலிருந்தோ நீலப் பொறி என்ஜின் உடம்புக்குத் தாவினால் அதுதான் இடம். எண்ணெய் கசியும் என்ஜினில் இதைச் செய்யக் கூடாது.

பிறகு எர்த். கொயிலையும் சிடிஐயையும் என்ஜின் உடம்போடு பிடிக்கும் போல்ற்றுகளைக் கழற்றி, வெள்ளைப் பூவாகப் பூத்த உப்பைச் சுரண்டி, உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்து இறுக்குங்கள். வெளியே இருந்து பார்த்தால் இறுக்கமாகத்தான் தெரியும். கழற்றினால்தான் உண்மை வரும்.

ஸ்பார்க் டெஸ்டரில் 9 மில்லிமீற்றர் அளவு இடைவெளியை நீலப் பொறி தாண்ட வேண்டும். வயரைக் கையால் பிடித்துப் பார்க்காதீர்கள், எர்த் இல்லாமல் தொங்கவிட்டுக் கயிறு இழுக்கவும் வேண்டாம். போக இடமில்லாத மின்சாரம் கொயிலுக்குள்ளேயே தாவி அதைக் கெடுக்கும். டெஸ்டரைப் பிளக் துவாரத்துக்குப் பக்கத்தில் வைப்பதும் ஆபத்து. உள்ளே இருந்து வரும் எண்ணெய் ஆவி பற்றிக்கொள்ளும்.

8. நிறுத்து வயரைப் பிரித்துப் பாருங்கள்

நிறுத்து பொத்தானும் கயிற்றுச் சுவிட்சும் எப்போதும் உப்பு நீர் படும் இடத்தில் இருக்கின்றன. பொத்தானை அமுக்கும்போது சிடிஐயின் மின்சாரம் எர்த்துக்குப் போய் என்ஜின் அணைகிறது. சுவிட்சுக்குள் ஈரம் இருந்தால் அமுக்காமலே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அதிர்வு கூடும் உயர்வேகத்தில் மிஸ் ஆகும்.

சிடிஐயிலிருந்து சுவிட்சுக்குப் போகும் நிறுத்து வயரை மட்டும் பிரித்து ஓடிப் பாருங்கள். குறை போனால் சுவிட்சை மாற்றினால் போதும். இந்த ஓட்டத்தில் பொத்தானோ கயிறோ என்ஜினை அணைக்காது. அதனால் ஒருவர் சோக்கை இழுத்து அணைக்க ஆயத்தமாக இருக்க வேண்டும். பிரித்த வயரோடு தொழிலுக்குப் போகவே கூடாது. ஓட்டுபவர் தவறி விழுந்தால் படகு அவரைச் சுற்றி வந்து காற்றாடியால் வெட்டும்.

9. ஃபிளைவீலுக்குக் கீழே உள்ள வயர்கள்

எல்லாரும் தவறவிடும் இடம் இது.

இந்த அளவு என்ஜின்கள் பலவற்றில், திறொட்டிலைத் திருகும்போது ஃபிளைவீலின் கீழ் கொயில்கள் பொருத்தப்பட்ட தட்டும் சேர்ந்து திரும்புகிறது. வேகம் கூடக் கூட மின்பொறி முந்தி விழ வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. தட்டு திரும்பும் ஒவ்வொரு தடவையும் சார்ஜ் கொயில் (சிடிஐக்கு மின்சாரம் கொடுப்பது), பல்சர் கொயில் (பொறி விழும் நேரத்தைச் சொல்வது) வயர்கள் வளைந்து நிமிர்கின்றன. சில வருடத்தில் உறைக்குள் செப்பு அறுந்துவிடும். உறை மட்டும் முழுதாக இருக்கும். மெதுவேக நிலையில் அறுந்த முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும், முழுத் திறப்பில் இழுபட்டுப் பிரியும்.

நிலாவெளியில் புறாமலைக்கு ஆட்களை ஏற்றும் ஒரு படகில் இரண்டு சிடிஐ மாற்றியபின் என்னைக் கூப்பிட்டார்கள். படகோட்டி சொன்ன ஒரு சொல்தான் வழி காட்டியது: "எப்பவும் ஒரே இடத்துலதான் வெட்டுது, கைபிடிய ஒரு விரல் பின்னுக்கு எடுத்தா சரியாயிடும்." வேகத்தோடு அல்ல, கைபிடியின் நிலையோடு ஒட்டிய குறை. பல்சர் வயரில் உறைக்குள் முறிவு.

சோதிக்கும் முறை: என்ஜினை அணைத்து, சிடிஐயில் அந்த வயர்களின் இணைப்பிகளைப் பிரித்து, மல்ற்றிமீற்றரை ஓம் அளவில் மாட்டுங்கள். திறொட்டிலை மெதுவாக மூடிய நிலையிலிருந்து முழுத் திறப்பு வரை திருகுங்கள். அளவு அசையாமல் நிற்க வேண்டும். எங்காவது தாவினால் வயர் முறிந்திருக்கிறது. தட்டும் முழுத் தூரம் திரும்புகிறதா என்று அதே நேரம் பாருங்கள். உப்பேறி இறுகிய தட்டு முந்தாவிட்டால், மிஸ் இல்லாமலே வலு குறையும்.

வயரை மாற்ற ஃபிளைவீலைக் கழற்ற வேண்டும். அதற்குரிய புல்லரால் மட்டும் கழற்றுங்கள். சுத்தியல் அடி கிராங்க் தண்டை வளைக்கும், உள்ளே ஒட்டிய காந்தத்தை உடைக்கும். கழற்றியதும் தண்டில் உள்ள சாவித் துண்டைப் பாருங்கள். அது கொஞ்சம் அரைந்திருந்தால்கூட மின்பொறியின் நேரம் விலகிவிடும்.

10. கொயில், சிடிஐ, கம்பிரஷன்

கொயில்களின் ஓம் அளவைக் குளிரிலும், இருபது நிமிடம் ஓடிய சூட்டிலும் எடுத்துக் கைநூலோடு ஒப்பிடுங்கள். சில மாதிரிகளில் மெதுவேகத்துக்கும் உயர்வேகத்துக்கும் தனித்தனிச் சுற்று இருக்கும். உயர்வேகச் சுற்று மட்டும் போனால் ஸ்டார்ட்டும் மெதுவேகமும் பழுதில்லாமல் இருக்கும்.

சிடிஐயைச் சாதாரண மல்ற்றிமீற்றரால் அளந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. உச்ச வோல்ற்றேஜ் அளக்கும் கருவி வேண்டும், அல்லது நன்றாக ஓடும் அதே மாதிரி என்ஜினின் பெட்டியை இரவலாக மாட்டி அதே தூரம் ஓட வேண்டும். மற்ற எல்லாம் சரி, சூடேறியபின் மட்டும் குறை வருகிறது, ஆறினால் போகிறது என்றால் சிடிஐ மீதும் கொயில் மீதும் சந்தேகம் வைப்பதில் நியாயம் உண்டு.

கம்பிரஷனைத் திறொட்டில் முழுதாகத் திறந்து, இரண்டு பிளக்கும் கழற்றி, வயர்களை எர்த்தில் மாட்டி, முள் மேலே ஏறாமல் நிற்கும் வரை கயிறு இழுத்து எடுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் இடையில் பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மின்பக்கம் தேடுவதை நிறுத்திவிட்டுப் பிஸ்டன் வளையங்களைப் பாருங்கள். மண்ணெண்ணெய் என்ஜின்களில் அளவு இயல்பாகவே குறைவு. அதனால் இலக்கத்தைவிட இரண்டுக்கும் உள்ள ஒப்பீடு முக்கியம்.

11. சரிசெய்தபின் செய்ய வேண்டிய ஓட்டம்

ஒரு தடவைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஓடிப் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. பழுதில்லாத இரண்டு பழைய உதிரிகளும் குப்பைக்குப் போகும்.

கடைசி ஓட்டம் முதல் ஓட்டத்தைப் போலவே இருக்க வேண்டும்: அதே தூரம், அதே பாரம், குறை வந்த அதே நிமிடத்தைத் தாண்டி இன்னும் இருபது நிமிடம். என்ஜின் நன்றாகச் சூடேறியபின்தான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள். முந்தி மாற்றினால் ஆவியாகாத எண்ணெய் பிளக்கை நனைத்து, நீங்கள் தீர்த்த குறையைப் போலவே இன்னொன்றை உண்டாக்கும். கரைக்கு வரும்போது, அணைக்குமுன் சில நிமிடம் பெற்றோலில் ஓடி, காபரேற்றரில் தங்கிய மண்ணெண்ணெயை எரித்து முடியுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவி, மூடியைப் போடுமுன் அதன் விளிம்பு ரப்பர் எங்கும் கிழியாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.